‘மெஜஸ்டி’ கையில் இருந்தும் ஏன் தப்ப முடியவில்லை?

கேள்வி: அண்ணா, நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு மாலையில் புதுவண்ணாரப்பேட்டையில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ‘வாம்பயர்: தி எட்டர்னல் ஸ்ட்ரகிள்’ என்ற கார்டு ஆட்டம் ஆடுகிறோம். போன வாரம் என் வாம்பயர் பிளீட் செய்ய, அதாவது எதிராளியின் புள்ளியைக் குறைக்க, போனபோது என் ப்ரே (நான் தாக்க வேண்டிய ஆட்டக்காரன்) தன் வாம்பயரை வைத்து பிளாக் செய்தான். காம்பேட்டில், அதாவது இரண்டு வாம்பயரின் சண்டையில், அவன் ‘இம்மார்ட்டல் கிராப்பிள்’ என்ற கிடுக்கிப்பிடி கார்டை வைத்தான். நான் காம்பேட்டையே முடித்துவிடும் ‘மெஜஸ்டி’ கார்டை வைத்தேன். ‘காம்பேட் எண்ட்ஸ்’ என்ற அந்த வகை ஸ்ட்ரைக் (அடி) மற்ற எல்லா ஸ்ட்ரைக்குக்கும் முன்னால் நடக்கும் என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவன் செல்லாது என்றான். என் ஸ்ட்ரைக்கும் போயே போச்சு என்று சொல்லிவிட்டு, கையால் அடித்து 3 டேமேஜ் என்றான். என் வாம்பயரிடம் 3 ரத்தம் இருந்தது. ‘டார்பருக்குப் போ’ என்றான், அதாவது செயலிழந்து கிடக்கும் நிலைக்கு. ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. எங்களுக்குக் கார்டு வரவழைத்துத் தருபவர், 300 ரூபாய் அனுப்பினால் ‘அஃபீஷியல் ரூலிங்’ வாங்கித் தருகிறேன் என்கிறார். அனுப்பலாமா? யார் சொன்னது சரி?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முதலில் கடைசிக் கேள்விக்கு. அனுப்பாதீர்கள். விதிப்புத்தகம் இணையத்தில் இலவசம். கார்டு வாரியான தீர்ப்புகளும் இலவசம். அதற்குக் காசு கேட்கிறவர், தெருக்குழாய்த் தண்ணீரைக் கேனில் பிடித்து உங்களிடமே விற்கிறவர். இவரைப் பற்றிப் பின்னால் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் சண்டையில் ஒரு பாதி அவன் பக்கம், ஒரு பாதி உங்கள் பக்கம்.

மெஜஸ்டி செல்லாது. அதில் அவன் சொன்னதுதான் சரி. விதிப்புத்தகத்தில் நீங்கள் படித்த வரியும் சரிதான், ஆனால் அது வேறு நேரத்துக்கான வரி. இரண்டு பேரும் ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, எது முதலில் நடக்கும் என்று பார்க்கும்போதுதான் ‘காம்பேட் எண்ட்ஸ்’ முந்துகிறது. முதலில் விழும் ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’கை விடவும் அது முந்தும், விலகித் தப்பும் டாட்ஜ் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது. எல்லாம் உண்மை. ஆனால் கிராப்பிள் விழுவது அதற்கு முந்தைய படியில், ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுக்கும் முன்பே. ‘இந்த ரவுண்டில் கையால் அடிக்கும் ஸ்ட்ரைக்கைத் தவிர வேறு எதுவும் கூடாது’ என்பதுதான் அந்தக் கார்டின் சாரம். மெஜஸ்டி ஒரு ஸ்ட்ரைக் கார்டு. அதைத் தேர்ந்தெடுக்கவே வழியில்லாதபோது அது எங்கே முந்துவது? ஆம்புலன்ஸுக்கு எல்லா சிக்னலிலும் முதல் வழி உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் சைரன் என்ன செய்யும்?

இப்போது உங்கள் பாதி. மெஜஸ்டி செல்லாது என்றால் உங்கள் ஸ்ட்ரைக் போய்விட்டது என்று எந்த விதியிலும் இல்லை. ஒவ்வொரு வாம்பயருக்கும் கை இருக்கிறது. கார்டே இல்லாவிட்டாலும் கையால் அடிக்கலாம், சாதாரணமாக 1 டேமேஜ். கிராப்பிள் அதைத் தடுப்பதே இல்லை. செல்லாத கார்டை வைத்துவிட்டால் வீட்டு மேஜையில் நான் சொல்லித் தருவது இதுதான்: கார்டு கைக்குத் திரும்ப வேண்டும், அதற்குச் செலவழித்த ரத்தம் இருந்தால் அதுவும் திரும்ப வேண்டும், அதற்கு ஈடாக எடுத்த புதுக் கார்டு கட்டின் மேலே போக வேண்டும். அப்புறம் ஒழுங்கான ஸ்ட்ரைக்கைச் சொல்லுங்கள். ஆக்‌ஷன் செய்தது நீங்கள் என்பதால் முதலில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். சொல்வது ஒருவர் பின் ஒருவர், அடி விழுவது ஒரே நேரத்தில். அவன் வாம்பயருக்கும் 1 டேமேஜ் விழுந்திருக்க வேண்டும்.

டார்பரும் தவறு. இதைத்தான் பாதிப் பேர் தப்பாக ஆடுகிறார்கள். 3 டேமேஜ், 3 ரத்தம். ஒவ்வொரு டேமேஜுக்கும் ஒரு ரத்தம் எரித்துக் காயத்தை ஆற்றலாம். மூன்றையும் எரித்தால் ரத்தம் பூஜ்யம், காயமும் பூஜ்யம். உங்கள் வாம்பயர் எழுந்துதான் நிற்கும். ஆற்ற ரத்தம் போதாமல் ஒரு டேமேஜாவது மிஞ்சினால்தான் டார்பர். ரத்தம் தீர்ந்தாலே டார்பர் என்பது நம் மாடிகளில் பிறந்த விதி. கேரமில் சிவப்புக் காயைப் போட்டால் கவர் எப்போது போட வேண்டும் என்று தெருவுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறோமே, அது மாதிரி. அக்ரவேட்டட் டேமேஜ் என்றால் கதை வேறு, ரத்தத்தால் ஆற்றவே முடியாது. வெறுங்கையில் அடித்த அடியில் சாதாரணமாக அது வராது, விடுங்கள்.

கிராப்பிளில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அடுத்த சண்டை இதில்தான் வரப்போகிறது. கிடுக்கிப்பிடி போட்டால் பிடித்தவன் கையும் கட்டுப்படும். அவன் வாம்பயரிடம் துப்பாக்கி இருந்தாலும் அந்த ரவுண்டில் சுட முடியாது. கத்தி? அதுவும் முடியாது. இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். கத்தி போன்ற ஆயுதங்களில் ‘ஸ்ட்ரெங்த் கூட்டல் ஒன்று’ என்பது போல எழுதியிருக்கும். கையின் பலத்தை வைத்துத்தானே கணக்கு, அப்படியானால் அது கையடிதானே என்பார்கள். இல்லை. டேமேஜை எப்படி எண்ணுவது என்பது ஒன்று, அது என்ன வகை ஸ்ட்ரைக் என்பது இன்னொன்று. கார்டில் ‘ஹாண்ட் ஸ்ட்ரைக்’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கையடி. அதனால்தான் ‘கையடிக்குக் கூடுதல் 2’ என்று வரும் பொட்டென்ஸ் (பலம் தரும் சக்தி) கார்டுகள் கிராப்பிளுக்குள்ளும் செல்லும். உங்களுக்கு விழுந்த 3 டேமேஜ் அநேகமாக அப்படி வந்ததுதான். வார்த்தை இல்லையென்றால் கையில் பிடித்து அடித்தாலும் அது கையடி அல்ல. அதே ரவுண்டில் செலரிட்டி (வேகம் தரும் சக்தி) போட்டுக் கூடுதல் ஸ்ட்ரைக் எடுத்தாலும் அதுவும் கையடியாகத்தான் இருக்க வேண்டும், பிடி ரவுண்டு முடியும் வரை விடாது.

சரி, நீங்கள் வேறு என்ன செய்திருக்கலாம்? கிராப்பிளை நெருக்கமான ரேஞ்சில்தான் போட முடியும். ஒவ்வொரு ரவுண்டும் நெருக்கத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் ரேஞ்ச் முடிவாகும்போது மெனூவர் (தூரத்தை மாற்றும் நகர்வு) போட முதல் வாய்ப்பு ஆக்‌ஷன் செய்தவருக்கு, அதாவது உங்களுக்கு. தூரத்துக்குப் போயிருந்தால், அவன் பதிலுக்கு மெனூவர் போட்டு நெருங்கியாக வேண்டும். நெருங்க முடியாவிட்டால் கிராப்பிள் அவன் கையிலேயே கிடக்கும், மெஜஸ்டி செல்லும். கிராப்பிள் விழுந்த பிறகு ‘அப்படியா, அப்போ மெனூவர்’ என்று திரும்ப முடியாது, அந்தப் படி முடிந்தது முடிந்ததுதான்.

இந்தத் திரும்பிப் போகும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ‘மேஜிக்’ என்ற கார்டு ஆட்டம் ஆடியவர் யாராவது உங்கள் ஐவரில் இருப்பார். இரண்டு ஆட்டத்தையும் உருவாக்கியவர் ஒரே ஆள், ரிச்சர்ட் கார்ஃபீல்ட். மேஜிக் 1993-இல், இது 1994-இல் ‘ஜிஹாட்’ என்ற பெயரில் வந்தது. அதனால் விதியும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். மேஜிக்கில் கார்டுக்கு மேல் கார்டு அடுக்கி, கடைசியாக வைத்ததை முதலில் தீர்ப்பார்கள். இங்கே ‘ஸ்டாக்’ என்ற அந்த அடுக்கு கிடையாது. ஆக்‌ஷனும் ஸ்ட்ரைக்கும் தவிர, வைத்தது அப்போதே நடக்கும், பிறகு அடுத்தது. உங்கள் மேஜையில் யாராவது ‘ஸ்டாக்’ என்று வாயைத் திறந்தால் டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

விதி தெரியவில்லை என்று உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிப்படை விதி புத்தகத்தில், விதிவிலக்கு கார்டில், கார்டுக்கு விளக்கம் தீர்ப்புத் தொகுப்பில், போட்டிக்கென்று தனியாக இன்னொன்று. பழைய கார்டில் ‘டாப்’ (பயன்படுத்திய கார்டைப் பக்கவாட்டில் திருப்புவது) என்று இருக்கும், புதியதில் அதையே ‘லாக்’ என்பார்கள். புத்தகமும் கார்டும் முட்டினால் கார்டு சொல்வதே செல்லும், பழைய அச்சும் புதிய வாசகமும் முட்டினால் புதிய வாசகமே செல்லும். இந்த இரண்டு வரியைப் புரியவைக்க எனக்கு வருடக்கணக்காகிறது. ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் கார்டே அச்சாகிறது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சண்டை போட்டு, தரகரிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள்.

தரகர் என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது. ஒரு ஷூ டப்பா நிறைய பழைய ‘ஜிஹாட்’ முதுகு கார்டுகள் என்னிடம் இருந்தன. 1995-இல் பெயர் மாறியபோது கார்டின் பின்பக்கமும் மாறியது. கார்டு வாங்கி விற்கும் ஒருவர் டப்பாவைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ‘சார், இந்த முதுகு இப்ப செல்லாது, பேப்பர் விலைக்கு வேணா எடுத்துக்கறேன்’ என்றார். நானும் நம்பிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து என் கார்டுகளையே, மூலையில் என் மகன் பேனாவால் போட்ட புள்ளியோடு, ‘முதல் பதிப்பு, அரிது’ என்று ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். தடை செய்த சிலவற்றைத் தவிர, 1994 கார்டு இன்றைக்கும் செல்லும். பின்பக்கம் தெரியாத உறை போட்டு எல்லாவற்றையும் கலந்து ஆடலாம், அவ்வளவுதான். உறைக்கு ஆவது சின்னச் செலவு, எனக்குப் போனது ஒரு டப்பா.

உங்கள் ஆளும் அந்த ஜாதகம்தான். கார்டு விற்கிறவரே தீர்ப்பும் சொன்னால், அவரிடம் மிஞ்சிக் கிடக்கும் கார்டுதான் எல்லாத் தகராறிலும் ஜெயிக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது ‘கஸ்டம்ஸ்’ என்று மொத்தமாக ஒரு தொகை சொல்வார். கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் அடுத்த தடவை நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து நேராக ஆர்டர் போடுங்கள்.

ஆட்டம் பாதியில் நின்றதாகச் சொன்னீர்கள். கார்டுகள் அப்படியே எடுத்து வைத்திருந்தால் இந்த ஞாயிறு அங்கிருந்தே தொடரலாம். மெஜஸ்டி உங்கள் கையில். உங்கள் வாம்பயர் மேஜையில், ரத்தம் பூஜ்யம். அவன் வாம்பயரிடமிருந்து ஒரு ரத்தத்தை எடுத்து வங்கியில் போடச் சொல்லுங்கள், முனகினால் இதைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் யாரும் பிரஸ் (இன்னொரு ரவுண்டு கேட்பது) போடாவிட்டால் காம்பேட் முடிந்தது. உங்கள் அடுத்த முறை வரும்போது அந்த வாம்பயர் வேறு எதுவும் செய்ய முடியாது, ரத்தம் தேடி வேட்டைக்குத்தான் போயாக வேண்டும். அதையும் அவன் பிளாக் செய்வான், மெனூவர் கார்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.