முதலில் தரையைப் பாருங்கள்: ஆர்சி ட்ரிஃப்ட் கேள்வி பதில்

ரிமோட்டில் ஓடும் (ஆர்சி) 1/10 அளவு மின்சார ட்ரிஃப்ட் கார்கள், அதாவது வளைவில் பக்கவாட்டாகச் சறுக்கவிட்டு ஓட்டும் கார்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது. ட்ரோன் பற்றிக் கேட்ட இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும்.

கல்லடி: அண்ணா, காருடன் வந்த டயரில் கார் சறுக்கவே இல்லை, கவ்விக்கொண்டு ஓடுகிறது. மோட்டரை மாற்றவா?

மோட்டரைத் தொடாதீங்க தம்பி. உங்களிடம் இருப்பது ரப்பர் டயர். ட்ரிஃப்டுக்குப் போடுவது கெட்டியான பிளாஸ்டிக் டயர். அதிலும் தார் றோட்டுக்கு ஒன்று, பளபளப்பான சீமெந்துக்கு ஒன்று, கார்ப்பெட்டுக்கு ஒன்று என்று வேறு வேறு இருக்கிறது. ஆகவே எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம்ம பக்கம் மண்டபத் தரை, டைல்ஸ் போட்ட விறாந்தை, சீமெந்து பட்மின்டன் கோர்ட் எல்லாம் நல்லது. ஒரே தொல்லை மணல். ஓடுவதற்கு முன் தரையைக் கூட்டுங்கள், இடையிடையே டயரைத் துணியால் துடையுங்கள். ஒரு பிடி மணல் போதும், காலையில் செய்த செட்டிங் எல்லாம் பொய்யாகிவிடும்.

நண்பர்களோடு ஓட்டுவதென்றால் எல்லோரும் ஒரே டயர் வாங்குங்கள். ஒருவர் டயர் மட்டும் கூடுதலாகப் பிடித்தால் சோடியாக ஓட முடியாது. காசு இல்லாவிட்டால் பிவிசி குழாயை வளையமாக வெட்டிப் பழைய டயருக்கு மேல் இறுக்கி ஏற்றலாம். இந்த விளையாட்டின் ஆரம்ப காலத்தில் பலர் அப்படித்தான் ஓட்டினார்கள்.

காத்தான்குடி: பின்சில்லு மட்டும் இழுக்கும் காரில் ஜைரோ (கார் சுழல்வதை உணர்ந்து முன்சில்லைத் தானே திருப்பும் சின்னக் கருவி) போட்டு ஓட்டுவது கள்ள ஆட்டம் இல்லையா? கார் தானே ஓடுகிறது, நாங்கள் எதற்கு?

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையான கார் சறுக்கும்போது ஓட்டுபவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கைவிடுவார். முன் சில்லுகளின் காஸ்டரால் (சில்லு திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருப்பதால்) ஸ்டியரிங் தானாகவே கார் போகும் திசைக்குச் சுழன்று வரும். அவர் சரியான இடத்தில் பிடித்தால் போதும். நம் காரில் அது நடக்காது. சில்லுகளைத் திருப்பும் சின்ன மோட்டரான சேர்வோ அவற்றை இறுகப் பிடித்திருக்கிறது, ரிமோட் சொன்ன இடத்தை விட்டு அவற்றை அசையவே விடாது. காஸ்டர் செய்யவேண்டிய வேலையை ஜைரோ செய்கிறது, அவ்வளவுதான். அதோடு சின்னக் கார் சுழலும் வேகம் மிக அதிகம். உண்மையான காரின் ஆசனத்தில் இருப்பவருக்கு இடுப்பே முதலில் சொல்லிவிடும். நமக்குக் கண் மட்டும்தான். கண்டு விரல் அசைவதற்குள் கார் திரும்பி நின்றுவிடும்.

எந்தக் கோட்டில் போவது, கார் எவ்வளவு பக்கவாட்டாகத் திரும்பிச் சறுக்குவது (அதைத்தான் சாய்வு என்கிறோம்), எப்போது திசை மாற்றுவது எல்லாம் இன்னமும் உங்கள் கையில்தான். நம்பாவிட்டால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஜைரோவை ஒரு சுற்று ஓடச் சொல்லிப் பாருங்கள்.

கல்முனை: நாங்கள் ஜைரோ இல்லாமல்தான் ஓட்டுகிறோம் தம்பி. அதுதான் ஓட்டம்.

நானா, உங்கள் கார் நாலு சில்லும் இழுப்பது. முன்சில்லு மூக்கை இழுத்துக் கொடுப்பதால் அதற்கு ஜைரோ அவசியமில்லை. ஆனால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும் காரில் முன்சில்லு வளைவின் உள்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். முன்சில்லு வளைவின் வெளிப்பக்கம் பார்க்கும் எதிர்த்திருப்பம், ட்ரிஃப்டின் அழகு, வராது. அதற்காகத்தான் பின்சில்லை அதிக வேகத்தில் சுழற்றும் பல்லுச்சக்கர விகிதம் வந்தது. பிறகு பலர் பின்சில்லு காருக்கே போய்விட்டார்கள். இரண்டும் ஓட்டம்தான், இரண்டும் வேறு.

காத்தான்குடி (மறுபடியும்): சரி, ஜைரோ போட்டேன். பவரைக் கொடுத்த உடனே கார் சுழன்று நிற்கிறது. முன்சில்லு வேறு நடுங்குகிறது.

காரைக் கையில் தூக்கி மூக்கை இடப்பக்கம் வெடுக்கென்று திருப்புங்கள். முன்சில்லு வலப்பக்கம் போகவேண்டும். இடப்பக்கம் போனால் ஜைரோவின் திசை தலைகீழ், மாற்றுங்கள். நடுக்கம் என்றால் கெய்ன் (ஜைரோ எவ்வளவு பலமாகத் திருப்புகிறது என்ற அளவு) கூடிவிட்டது. நடுக்கம் நிற்கும் வரை குறைத்து, அங்கேயே விடுங்கள். சுவிட்சைப் போடும்போது காரை அசைக்காதீர்கள், ஜைரோ அந்த நேரத்தில்தான் தன் நடுநிலையைப் பிடிக்கிறது.

கல்முனை: பார்த்தீர்களா, இந்தத் தலையிடி எங்களுக்கு இல்லை!

நானா, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வாருங்கள், சுற்றிக் காட்டுகிறேன். இங்கே போதும்.

அக்கரைப்பற்று: டமியா டிடி-02டி காரில் முன்சில்லுக்குப் பவர் கொண்டுபோகும் ஷாப்டைக் கழற்றினால் பின்சில்லு கார் ஆகுமா?

ஆகாது. முன்சில்லு திரும்பும் கோணம் போதாது, பாரமும் பின்னால் இல்லை. அதை நாலு சில்லுக் காராகவே ஓட்டிப் பழகுங்கள்.

செங்கலடி: பழகுவது எப்படி?

ஒரு தண்ணிப் போத்தலைச் சுற்றி வட்டம். இரண்டு பக்கமும் வந்த பிறகு எட்டுப் போடுங்கள். பவரை விட்டு விட்டு அமுக்காமல் ஒரே அளவில் பிடியுங்கள். கூட்டினால் பின்சில்லு வெளியே போய்ச் சாய்வு கூடும், குறைத்தால் பின்சில்லு பிடித்துக் கார் நேராகும். ஆக, சாய்வை ஆள்வது பவர் விரல். இதை வட்டத்திலேயே உணர்ந்தால்தான் எட்டு வரும். முன் கேம்பரை (சில்லின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) மைனஸ் 5 முதல் 8 பாகைக்குள் எங்காவது வைத்துவிட்டு, ஒரு மாதம் அதைத் தொடாதீர்கள்.

அம்பாறை: பொடி (காரின் மேல்கூடு) எது நல்லது, ஆர்34 ஸ்கைலைனா எஸ்15 சில்வியாவா?

பிடித்தது.

ஏறாவூர்: லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. இன்னும் ஓடுகிறது. பாவிக்கலாமா?

கூடாது. இனிச் சார்ஜில் போடவே கூடாது. ஒரு செல் நிறைவில் 4.2 வோல்ட், 3.0-க்குக் கீழே இறங்கவிடக் கூடாது, எடுத்து வைக்கும்போது 3.8. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

வாழைச்சேனை: பற்றரியை நிறைய சார்ஜ் செய்தே எடுத்து வைக்கலாமா?

ஏறாவூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓட்டமாவடி: ஓடும்போது சில்லுப் பக்கம் கீச்சென்று சத்தம்.

பெயாரிங். கடற்கரை ஊர், மணலும் உப்புக் காற்றும் சேர்ந்தால் அப்படித்தான். கழற்றிக் கழுவி எண்ணெய் விடுங்கள், சொரசொரப்பு போகாவிட்டால் மாற்றுங்கள்.

களுவாஞ்சிகுடி: அண்ணா, பற்றரியை நிறைய சார்ஜ் செய்து வைத்தால்...

3.8!