தரையில் பாசி, வீட்டில் நாய், பூனை: கேள்வி பதில்

மடிப்பாக்கம்: ஐப்பசி மழைக்குப் பிறகு போர்டிகோ பேவர் பிளாக் முழுக்கப் பச்சைப் பாசி. பிளீச்சிங் பவுடர் தூவி விட்டால் போதுமா சார்? லேப்ரடார் வளர்க்கிறோம்.

தூவவே தூவாதீர்கள். தெருவோரம் வெள்ளைக் கோடு போடுவதைப் பார்த்துப் பழகிய பழக்கம் இது. நாய் அந்தப் பொடியை மிதிக்கும், பிறகு காலை நக்கும். வாயும் தொண்டையும் வெந்துபோகும். பாசி மருந்துகளால் வரும் ஆபத்துக்கு இப்படி நக்குவது ஒரு முக்கியக் காரணம்.

சின்ன இடமென்றால் மருந்தே வேண்டாம். கொதிக்கும் நீரை ஊற்றி, 5 நிமிடம் விட்டு, கெட்டியான நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். பாசி ஈரமாக இருக்கும்போது சுலபமாக வரும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். கம்பி பிரஷ் வேண்டாம், பிளாக்கின் மேல்தோலைச் சுரண்டிவிடும். அடுத்த மழையில் அந்தச் சொரசொரப்பில் பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

பெரிய இடமென்றால் பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் புதுப் பவுடர். கலக்கி அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். கையுறை கட்டாயம். நாய் சிறுநீர் கழிக்கும் மூலையை முன்கூட்டியே நன்றாக அலசிவிடுங்கள். சிறுநீரின் அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் குளோரமைன் வாயு கிளம்பும், கண்ணும் மூச்சும் எரியும். பிறகு ஊற்றி 10 முதல் 15 நிமிடம் காயாமல் வைத்து, தேய்த்து, மூன்று முறை நிறைய தண்ணீர் விடுங்கள். உச்சி வெயிலில் செய்தால் வேலை செய்யும் முன்பே காய்ந்துவிடும். தரை முழுக்கக் காய்ந்து, வெள்ளைப் படிவும் நெடியும் போனபிறகே நாயை வெளியே விடலாம். அதன் தண்ணீர்க் கிண்ணத்தை அதற்கு முன்பே உள்ளே எடுத்துவிடுங்கள்.

போன வருஷத்துப் பொட்டலத்தில் நெடி குறைந்திருந்தால் குளோரின் போய்விட்டது என்று அர்த்தம். சென்னை ஈரக்காற்றில் அது சீக்கிரம் போகும். அளவைக் கூட்டாதீர்கள், புதிது வாங்குங்கள்.

மயிலாப்பூர்: முற்றத்தில் கடப்பா கல். வினிகர் இயற்கையானது என்கிறார்களே?

இயற்கையானதுதான், ஆனால் கடப்பா சுண்ணாம்புக் கல். எந்த அமிலம் பட்டாலும் மேற்பரப்பு அரித்து வெளுத்துப்போகும். வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கிளீனர் எல்லாம் இதில் ஒன்றுதான். இன்னொரு எச்சரிக்கை: முதல் நாள் பிளீச்சிங் தண்ணீர் விட்ட தரையில் மறுநாள் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு வரும். மனிதருக்கே ஆகாது, தரையோடு மூக்கு வைத்து நடக்கும் நாய்க்குச் சொல்லவே வேண்டாம். கடப்பாவுக்கு வெந்நீரும் பிரஷ்ஷும் போதும்.

குரோம்பேட்டை: பூனைகள் வந்துபோகும் வீடு. கறுப்பு பினாயில்?

வேண்டாம். அதிலுள்ள பினால் வகைப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பென்சால்கோனியம் குளோரைடு உள்ள கிளீனர்களும் ஈரமாக இருக்கும்வரை ஆபத்து: பாதத்தை நக்கிய பூனைக்கு நாக்கில் புண் வரும், எச்சில் ஒழுகும், சாப்பிடாது. மயில்துத்தம் பாசியைக் கொல்லும், விலங்குக்கும் விஷம்.

பெருங்குடி: பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். விசிறி நாசில் போட்டு, ஓரடி தள்ளி, சாய்வாகப் பிடியுங்கள். நேராகக் குத்தினால் இடுக்கு மணல் எல்லாம் வெளியே வந்து பிளாக் ஆட ஆரம்பிக்கும். தரை காய்ந்ததும் உலர்ந்த சன்ன மணலைக் கொட்டித் துடைப்பத்தால் இடுக்கில் தள்ளுங்கள். ஈர மணல் உள்ளே இறங்காது. மருந்து ஊற்றிய தரையில் வாஷர் அடிக்காதீர்கள், அது சாரலாக முகத்துக்கே வரும்.

அண்ணா நகர்: எங்கள் முற்றத்து நீர் மழைநீர் சேகரிப்புக் குழிக்குத்தான் போகிறது.

2003-ல் கட்டாயமாக்கிய பிறகு பல வீடுகளில் இதே அமைப்புதான். மருந்து ஊற்றும் நாளில் குழியின் வாயை ஈரச்சாக்கு வைத்து அடைத்து, கழுவும் நீரைச் சாக்கடைக்குத் திருப்புங்கள். மழை வரும் என்று தெரிந்தால் அன்று வேலையையே தள்ளிப்போடுங்கள்.

வேளச்சேரி: மாதம் ஒருமுறை தேய்த்தும் திரும்ப வருகிறதே?

எங்கிருந்தோ தண்ணீர் சொட்டுகிறது. ஏசி குழாய் முடியும் இடத்தைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு ஏசி நாளுக்குப் பல லிட்டர் விடும். அடுத்து மேல்தொட்டி ஓவர்ஃப்ளோ, ஆர்.ஓ. கழிவுக்குழாய், நிழல் அடிக்கும் மரக்கிளை. வாட்டம் சரியில்லை என்றால் எந்த மருந்தும் நிற்காது: 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

தாம்பரம்: பிளீச்சிங் தண்ணீரில் நாய் நடந்துவிட்டது. என்ன செய்ய?

நக்க விடாமல் நான்கு கால்களையும் விரலிடுக்கு உட்பட ஓடும் நீரில் 10 நிமிடம் கழுவுங்கள். குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மேலே வரும்போது தொண்டையை மறுபடி எரிக்கும். எச்சில் ஒழுகினாலோ மூச்சு வாங்கினாலோ மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.