‘திரு’வா, ‘தெய்வத்திரு’வா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 26. வண்டிப்பெரியாறு பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறோம். 9 வருடத்துக்கு முன்னால், ஏலக்காய் விற்ற பணத்தை வாங்கிவரக் கம்பத்துக்குப் போன அப்பா வீடு திரும்பவில்லை. லோயர் கேம்ப்பில் பஸ் ஏறியதைப் பார்த்தவர் உண்டு, குமுளியில் இறங்கியதைப் பார்த்தவர் இல்லை. போலீஸில் புகார் கொடுத்து, மலைக்கு இரண்டு பக்கமும் அலைந்தோம். தை மாதம் எனக்குக் கல்யாணம். ‘கருமாதியை முடித்துவிட்டுப் பத்திரிகை அடி’ என்கிறார் பெரியப்பா. தோட்டம் அப்பா பேரில் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் அம்மா கையெழுத்துப் போட மறுக்கிறாள். இந்த நேரத்தில் காணாமல்போன புருஷனைப் பற்றிய ஒரு படத்தைத் தெரியாமல் போட்டுவிட்டேன். அம்மா அதை இரண்டு தடவை பார்த்துவிட்டாள். அவள் மனசைக் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. பத்திரிகையில் அப்பா பேருக்கு முன்னால் என்ன போடுவது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் படம். (பேரை உன் கடிதத்திலிருந்து வெட்டிவிட்டேன். முடிவைச் சொல்லியாக வேண்டும், பார்க்காதவர்கள் என்னைத் திட்டக் கூடாது.) நானும் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் கொட்டாவிதான். அவிழ்த்துக்கொண்டு போன மாட்டைத் தேடி டார்ச்சோடு கிளம்புகிறான் புருஷன், வரவில்லை. கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் அவள் பாத்திரம் துலக்குவதும் விறகு அடுக்குவதும். ஒரு ராத்திரி இரண்டு ஆழாக்கு அரிசி அளக்கிறாள், கை நிற்கிறது, ஒன்றைத் திரும்ப டின்னில் கொட்டுகிறாள். கொட்டியதிலிருந்து ஒரு பிடி மறுபடி எடுக்கிறாள். அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கடைசியில் கொல்லைக் கதவைத் தாழிடுகிறாள், நிற்கிறாள், தாழை எடுக்கிறாள். திரை இருண்டுவிடுகிறது. அவன் செத்தானா, ஓடிப்போனானா என்று டைரக்டர் வாயே திறக்கவில்லை. ‘ஏமாற்று வேலை’ என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பிணத்தைக் காட்டியிருந்தால் நாம் அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். அவளுக்கு அந்த வசதி இல்லையே.

உன் அம்மா என்ன சொன்னாள்? நீ போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: ‘தாழ் போட்டா என்ன, வந்தா தட்ட மாட்டாரா?’ மனசு கெட்டுப்போனவள் பேசுகிற பேச்சா இது? கதவைச் சாத்தவும் செய்யலாம், தட்டினால் திறக்கவும் செய்யலாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பழகி, 1970களிலேயே இந்தத் துக்கத்துக்குத் தனியாக ஒரு பேர் வைத்தார். இழப்புதான், ஆனால் தெளிவில்லாத இழப்பு. ‘போயிருப்பார்’, ‘வரவும் கூடும்’ இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாழப் பழகுவதுதான் வழி என்பது அவர் கட்சி. உன் அம்மா புத்தகம் படிக்காமலே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

நம் மலைக்கு இது புதிதும் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. போன உயிர் 70. அதில் 4 பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. எங்கே போனார்கள் என்று தெரியும், ஆனாலும் கொள்ளி வைக்க ஒன்றுமில்லை. உங்களுக்கோ எங்கே என்பதும் தெரியாது.

இப்போது கையெழுத்து. புருஷன் செத்துவிட்டார் என்று எழுதித் தரச் சொல்கிறோம் என்று அம்மா நினைக்கிறாள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் 111. அது சொல்வது இவ்வளவுதான்: உயிரோடு இருந்தால் யாருக்குச் சேதி வந்திருக்குமோ அவர்களுக்கே 7 வருடமாகச் சேதி இல்லை என்றால், அவர் இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இறந்த தேதியைக்கூட அது குறிப்பதில்லை. 2004இல் ஓர் இன்ஷூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதைத் தெளிவாக்கியது. (அப்பா பேரில் பாலிசி இருந்து பிரீமியம் விட்டுப்போயிருந்தால், அந்த வழக்கைப் பற்றி வக்கீலிடம் கட்டாயம் கேள்.) நாளைக்கே அவர் வந்து நின்றால் ‘இறந்திருப்பார்’ என்ற அந்த அனுமானம் விழுந்துவிடும். ஆகவே அம்மா போடப்போகும் கையெழுத்துக்கு, ‘எனக்குச் சேதி வரவில்லை’ என்றுதான் அர்த்தம். அது உண்மைதானே? இதை நீயே மலையாளமும் இங்கிலீஷும் கலக்காமல் வீட்டுத் தமிழில் சொல்லு. வக்கீல் சொன்னால் பயப்படுவாள். சிவில் கோர்ட்டுக்குப் போகும்போது புகார் ரசீது, எஃப்.ஐ.ஆர். நகல், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கை எல்லாம் கையில் இருக்கட்டும்.

பெரியப்பாவுக்கு ஒரு வார்த்தை. காணாமல்போனவருக்கு 12 வருடம் பொறுத்து, தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணும் வழக்கத்தை அவரும் கேள்விப்பட்டிருப்பார். தை மாத முகூர்த்தத்துக்காக அவசரமாகத் தம்பி சம்சாரத்தின் தாலியைக் கழற்ற வேண்டுமா என்று அவரிடமே கேட்டுப் பார். அவரும் தம்பியைத் தொலைத்தவர்தான், அதனால் கோபமாகக் கேட்காதே.

பத்திரிகையில் ‘திரு’வும் வேண்டாம், ‘தெய்வத்திரு’வும் வேண்டாம். அழைப்பவர் உன் அம்மா. அவள் பேரில் பத்திரிகை தொடங்கட்டும், ‘இன்னார் – இன்னார் தம்பதியரின் மகள்’ என்று அடைமொழியே இல்லாமல் அப்பா பேர் வரட்டும். அச்சகத்துக்காரர் ‘முன்னால ஏதோ விட்டுப்போச்சே’ என்று கட்டாயம் கேட்பார். விட்டுப்போகவில்லை என்று சொல்லு. அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் ஒரு தடவை படித்துக் காட்டு, அவள் ‘திரு’ போடச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் போட்டுவிடு.

அப்புறம், அவள் அந்தப் படத்தை இரண்டாம் தடவை பார்த்தபோது நீ அடுப்படியில் நின்றுகொண்டாய் என்று எழுதியிருக்கிறாய். மூன்றாம் தடவை கேட்டால் போட்டுவிட்டு நீயும் பக்கத்தில் உட்கார். அரிசி அளக்கும் இடத்தில் அவள் முகத்தைப் பார்க்காதே.