வால் இல்லாத ஹேங் கிளைடர் கவிழாமல் பறப்பது எப்படி?

அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய, எஞ்சின் இல்லாத இறக்கைதான் ஹேங் கிளைடர். 1948-இல் பிரான்சிஸ் ரொகாலோவும் மனைவி கெர்ட்ரூடும் செய்து பார்த்த துணி இறக்கையின் வழிவந்தது. வால் கிடையாது, சுக்கானும் கிடையாது.

சூட்சுமம் இறக்கை நுனிகளில் இருக்கிறது. இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் நுனிகள் பின்னால் தள்ளி வருகின்றன. அங்கே துணி லேசாக முறுக்கி, பின்விளிம்பு மேல்நோக்கி நிற்கும். மூக்கு கீழே குத்தினால், காற்று அந்த நுனிகளை அமுக்கி மூக்கைத் தூக்கிவிடும். வால் செய்கிற வேலையும் இதுதான். ஆனால் துணியாயிற்றே! தலைகுப்புறப் பாயும்போது தளர்ந்து படபடத்தால் அந்த வடிவமே போய்விடும். ஆரம்பகால கிளைடர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் அப்புறம் பின்விளிம்பைத் தூக்கிப் பிடிக்க மெல்லிய கம்பிகள் கட்டினார்கள். சாதாரணமாகப் பறக்கும்போது அவை தொய்ந்தே கிடக்கும். என் பார்வையில் இறக்கையிலேயே முக்கியமான பாகம் அவைதான்.

சரி, திருப்புவது? கையை விட்டு சைக்கிள் ஓட்டுகிறவர் உடம்பைச் சாய்ப்பதுபோல, இறக்கைக்குக் கீழே தொங்கும் விமானி எந்தப் பக்கம் நகர்கிறாரோ அந்தப் பக்கம் இறக்கை சாயும்.

இறக்கைச் சட்டத்தோடு இணைந்த கைப்பிடியை விமானி தன்பக்கம் இழுத்தால் மூக்கு உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விமானியின் எடை முன்னே போவதால் மூக்கு தாழ்ந்து வேகம்தான் கூடும்.