வாசகர் கேள்வி – பதில்: பூங்காவில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: எங்கள் வார்டிலுள்ள மாநகராட்சிப் பூங்காவின் வசதிகளையும் குறைகளையும் ஆராய்ந்து, மண்டல அலுவலகத்தில் கொடுக்க மனு தயாரிக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் நலச் சங்கம் என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. உறுப்பினர்களோ உடற்பயிற்சிக் கருவிகள், செயற்கை நீரூற்று, அலங்கார வளைவு என்று நீண்ட பட்டியல் தருகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, பூங்காவுக்கு வருகிறவர்களை எண்ணத் தொடங்குங்கள். பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் கையாளும் 'சோபார்க்' முறையில், பூங்காவைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, காலை, நண்பகல், பிற்பகல், மாலை ஆகிய நான்கு வேளைகளிலும் ஒவ்வொரு பகுதியையும் ஒருமுறை பார்வையிட்டு, அங்கிருப்பவர் ஆணா பெண்ணா, எந்த வயதினர், உட்கார்ந்திருக்கிறாரா, நடக்கிறாரா, ஓடுகிறாரா என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. வார நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இப்படிக் குறித்தால், வராதவர்கள் யார் என்பது தெரிந்துவிடும். மனுவுக்கு வேண்டியது அந்தத் தகவல்தான். நண்பகலில் பூங்கா பூட்டிக் கிடந்தால் அதையும் எழுதுங்கள். மாலை ஆறரைக்கு மேல் பெண்கள் எவரும் இல்லையென்றால், விளக்கையும் கழிப்பறையையும் போய்ப் பாருங்கள்.

'கழிப்பறை உள்ளது' என்று எழுதுவதால் பயனில்லை. மாலையில் அது திறந்திருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் விழுகிறதா என்று எழுத வேண்டும். நுழைவாயிலையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும்: இரு சக்கர வாகனங்கள் நுழையக் கூடாதென்று வைக்கப்படும் வளைவுக் கம்பித் தடுப்பு, சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் அமைய வேண்டும் என்பதால், 15 செ.மீ. உயரப் படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. இரண்டடிக்குச் சிமெண்டைப் பூசிவிட்டுக் கணக்குக் காட்டியிருந்தால் அளந்து எழுதுங்கள். ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருக்கிறதா, சறுக்குமரத்தின் அடியில் மணல் இருக்கிறதா அல்லது வெறுந்தரையா என்பதையும் பாருங்கள்.

மரங்களைப் பலரும் வசதியாகவே எண்ணுவதில்லை. அடிமரம் வரை பேவர் பிளாக் கல் பதித்தால் மழைநீர் வேருக்கு இறங்காது. நாளடைவில் வேர் கல்லைத் தூக்க, நடைபாதையில் முதியவர்கள் இடறுவார்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டுமென டெல்லி வழக்கொன்றில் 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதை மனுவில் எடுத்துக்காட்டலாம்.

இனி நீரூற்று. என்னைக் கேட்டால், பழையது ஓடும் வரை புதியது எதையும் கேட்கக் கூடாது. புதிய கருவிகளுக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. பழைய மோட்டாரைப் பழுது பார்ப்பதற்கு இரண்டும் கிடையாது, அதனால்தான் அது பழுதாகவே கிடக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எத்தனை தோட்டப் பணியாளர்கள், எத்தனை காவலர்கள், எந்த நேரம் என்று அதில் இருப்பதையும் நீங்கள் நேரில் கண்டதையும் அருகருகே வைத்தால், மனுவின் வலுவான பக்கம் அதுவாகத்தான் இருக்கும். எரியாத விளக்கு போன்றவற்றை மனுவில் சேர்க்காமல், மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகாராகப் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவின் பூங்காவில் ஒரு பகுதியை எடுத்துக் கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. தடுக்க முடியுமா?
– வாசகி, ஆவடி

பதில்: முடியும். பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததையே 1991-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ்நாட்டிலும் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பேச்சு உத்தரவாக மாறும்வரை காத்திராமல், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கி, அந்த இடம் அதில் பூங்கா என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, அதன் நான்கெல்லைகளும் தரையில் உள்ள வேலியும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.