ஓஸ்மாவில் பாடிய சலவைக்காரப் பெண்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். மகனைக் குறிக்கும் ‘hijo’ என்ற சொல்லின் தொடக்கத்தில் ஹகரத்தை (h) எழுதுகிறோம், ஆனால் ‘இஹோ’ என்றுதான் உச்சரிக்கிறோம். காரணம் கேட்டேன். மெனெந்தெஸ் பிதால் என்ற பேராசிரியரின் பெயரைச் சொல்லிவிட்டு ஆசிரியை அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். தேடினால் அவருடைய பதவிகளும் நூல்களும்தான் வரிசையாக வருகின்றன. அவர் உண்மையில் என்ன செய்தார்?

ம.

அன்புள்ள ம.,

பதவிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ரமோன் மெனெந்தெஸ் பிதால் 1869-இல் லா கொருன்யாவில் பிறந்தார். 1899-இல் மத்ரித் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1910-இல் தொடங்கிய வரலாற்று ஆய்வு மையத்தை நடத்தினார். 1925-இல் ஸ்பானிய மொழிக் கழகத்தின் தலைவரானார். நூறு வயது நிறைய நான்கு மாதம் இருக்கையில், 1968 நவம்பரில் மறைந்தார்.

அவரைப் புரிந்துகொள்ள 1900 மே மாதத்துக்குப் போகவேண்டும். அவருக்கும் மரியா கொய்ரிக்கும் அப்போதுதான் திருமணமாகியிருந்தது. இடைக்கால ஸ்பானிய வீரகாவியமான சித் காவியத்தின் நாயகன் நாடுகடத்தப்பட்டுப் போன வழியிலேயே இருவரும் பயணம் போனார்கள். மே 28 அன்று சூரிய கிரகணம். அதைப் பார்க்க ஓஸ்மா என்ற ஊரில் தங்கினார்கள். அங்கே ஒரு சலவைக்காரப் பெண்ணிடம் மரியா பழைய கதைப்பாட்டு ஒன்றைச் சொல்லிக் காட்ட, அவள் பதிலுக்குத் தனக்குத் தெரிந்ததைப் பாடினாள். 1497-இல் இளம் வயதில் இறந்த இளவரசர் ஹுவானின் சாவைச் சொல்லும் பாட்டு அது என்று கண்டுகொண்டவர் மரியாதான். ஸ்பெயினின் நடுப்பகுதியான காஸ்தீயாவில் வாய்மொழிக் கதைப்பாட்டு அற்றுப்போனதாக அறிஞர்கள் நம்பியிருந்த காலம். நானூறு ஆண்டுகளாக எழுத்தறியாதவர்கள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதன்பின் கணவனும் மனைவியும் வாழ்நாள் முழுவதும் அந்தப் பாட்டுகளைத் திரட்டினார்கள். மரியாவின் பெயர் இன்று அடிக்குறிப்புகளில் ஒதுங்கிக் கிடப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உங்கள் ஹகரத்துக்கு வருகிறேன். லத்தீன் ‘ஃபிலியுஸ்’ பழைய ஸ்பானியத்தில் ‘ஃபிஜோ’ ஆனது. சித் காவியத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிறகு அந்த ஃபகரம் ஹகரமாகத் தேய்ந்தது, அதுவும் பேச்சில் மறைந்து எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. பெங்களூரில் பாலை ‘ஹாலு’ என்று கேட்டு வாங்குகிறீர்களே, அங்கே பகரம் தேய்ந்ததைப் போல. இந்தத் தேய்வு எப்போது, எங்கே தொடங்கியது? பிதால் இலக்கியத்தை விட்டுவிட்டு 11-ஆம் நூற்றாண்டு வரையிலான நிலப் பத்திரங்களையும் மடங்களின் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டார். பத்திர எழுத்தர்கள் லத்தீனில் எழுதத்தான் முயன்றார்கள். கை தவறும் இடங்களில் ஊர்ப்பேச்சு எட்டிப் பார்த்தது. வடக்குக் காஸ்தீயாவில், பாஸ்க் மொழி பேசும் நிலத்தை ஒட்டி, ஃபகரம் விழுந்த பெயர்கள் அவருக்குக் கிடைத்தன. பழைய பாஸ்கில் அந்த ஒலி கிடையாது. அதன் தாக்கமே காரணம் என்றார். இதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் 1926-இல் வெளியான ‘ஸ்பானியத்தின் தோற்றங்கள்’ நிறுவிய ஒன்று எனக்கு மிக முக்கியம்: ஓர் ஒலி ஒரே தலைமுறையில் மாறிவிடுவதில்லை. பழையதும் புதியதும் பல நூற்றாண்டுகள் ஒரே ஊரில் சேர்ந்து வாழ்கின்றன, படித்தவர்கள் புதியதைப் பிழை என்று திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஓஸ்மாவில் பாட்டைக் கேட்ட அதே காதால்தான் அவர் பத்திரங்களையும் படித்தார் என்று நினைக்கிறேன்.

உள்நாட்டுப் போர் இதையெல்லாம் கலைத்தது. அவர் பிரான்ஸ், கூபா, நியூயார்க் என்று அலைந்து 1939-இல் திரும்பியபோது மையம் கலைக்கப்பட்டிருந்தது, கழகத் தலைமையும் கையைவிட்டுப் போனது. அது திரும்பக் கிடைக்க 1947 ஆயிற்று. அவருடைய மாணவர்களில் ஒலியியல் அறிஞர் நவாரோ தொமாஸ் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். நாட்டிலேயே இருந்த ரஃபாயெல் லபேசா 1942-இல் எழுதிய மொழி வரலாறு இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. உங்கள் ஸ்பானியம் கொஞ்சம் தேறியதும் அதிலிருந்து தொடங்குங்கள். பிதாலும் ஒரு முழு மொழி வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார், முடிக்கவில்லை. அந்தக் கையெழுத்துப்படியை அவருடைய பேரன் தியேகோ கதலான் ஒழுங்குபடுத்தினார். 2005-இல், பிதால் இறந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு, அது நூலாக வந்தது.