முழங்கால் வலியோடு ஸேஃபெல்டுக்குப் போகலாமா?

கேள்வி: ம்யூனிக்கில் வசிக்கிறோம். எனக்கு 46 வயது, மனைவிக்கு 42, மகளுக்கு 11. ஃபாஷிங் (கார்னிவல் திருவிழா) விடுமுறையில் ஒரு வாரம் ஆஸ்திரியாவின் ஸேஃபெல்டுக்குப் போய் லாங்லாஃப் (பனியில் ஸ்கீயோடு நடைபோல நெடுந்தூரம் சறுக்கிப் போவது) பழகலாம் என்று இருக்கிறோம். மூவருமே ஸ்கீயில் ஏறியதில்லை. எனக்கு இடது முழங்காலில் பழைய வலி உண்டு. கிளாசிக்கா, ஸ்கேட்டிங்கா? சாமான்களை வாங்கிவிடலாமா? எங்கே தங்கினால் நல்லது?

பதில்: தாராளமாகப் போகலாம். கிளாசிக்கில் தொடங்குங்கள், எதையும் வாங்க வேண்டாம், தடத்துக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் அறை எடுங்கள்.

முதலில் முழங்கால். லாங்லாஃபில் காலணியின் முனை மட்டும்தான் ஸ்கீயில் மாட்டியிருக்கும். குதிகால் நடக்கும்போது போலவே எழும்பும். கிளாசிக் முறையில் கால்கள் நேர்க்கோட்டில் போகின்றன, மாட்டு வண்டித் தடம் மாதிரி பனியில் அழுத்திவைத்த இரண்டு பள்ளங்களுக்குள். ஸ்கேட்டிங்கில் ஒவ்வொரு அடியும் பக்கவாட்டில் உந்த வேண்டும். முழங்காலுக்குச் சுமை, மூச்சும் சீக்கிரம் வாங்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மலைச்சரிவு ஸ்கீயில் விழுந்தால் காலணியைப் பூட்டும் பிணைப்பு தானாகக் கழன்றுகொள்ளும், இதில் கழலாது. புறப்படுமுன் உங்கள் எலும்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்த இரண்டு முறைகளும் பிரிந்த கதையில் ஸேஃபெல்டுக்கே பங்கு உண்டு. 1985இல் இங்கே உலகச் சாம்பியன் போட்டி நடந்தபோது ஸ்வீடன் வீரர் குண்டே ஸ்வான் 30, 50 கிலோமீட்டர் இரண்டையும் ஸ்கேட்டிங் பாணியில் வென்றார். பழைய முறை அழிந்துவிடும் என்ற பயத்தில் அடுத்த உலகப் போட்டிக்குள் இரண்டையும் தனித்தனிப் பந்தயங்களாக்கிவிட்டார்கள். அதனால்தான் இன்றும் ஒரே பாதையில் பள்ளங்கள் ஒரு பக்கம், ஸ்கேட்டிங்குக்கான அகலமான சமதளம் மறுபக்கம் என்று இருக்கிறது.

வாடகைக் கடையில் ‘ஸ்கின் ஸ்கீ’ என்று கேளுங்கள். கிளாசிக் ஸ்கீ வில்போல நடுவில் சற்றுத் தூக்கியிருக்கும். எடையை ஒரு காலில் முழுக்க இறக்கினால் நடுப்பகுதி பனியைத் தொடும், அங்கே ஒட்டியிருக்கும் மொஹேர் (ஆட்டு ரோம) பட்டை பிடித்துக்கொள்ளும். எடையை விட்டால் வழுக்கும். மெழுகு பூசும் தொல்லை இல்லை. ஆகவே கடைக்காரர் எடை கேட்டால் கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். உங்கள் எடைக்கு எளிதில் வளையும் மெத்தென்ற ஸ்கீ வந்தால் பட்டை எப்போதும் உரசும், நாளெல்லாம் இழுத்துக்கொண்டே நடப்பீர்கள். கைக்கோல் தோராயமாக உயரத்தில் 83 முதல் 85 சதவீதம், 170 செ.மீ. உயரத்துக்கு 140–145 செ.மீ. மகள் வளர்கிற வயது, அவளுக்கு வாங்குவது வீண் செலவு. மிச்சமாகும் பணத்தில் முதல் இரண்டு காலையும் பயிற்றுநர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பயிற்றுநர் என்றால், சமதளம் யாருக்கும் அரை மணியில் வந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது சின்ன இறக்கம். ஸ்கீ ஒல்லி, ஓரத்தில் இரும்பும் இல்லை, பள்ளத்துக்குள் இருக்கும்வரை வேகத்தைக் குறைப்பது சிரமம். இறக்கம் தொடங்குமுன் ஒரு காலை வெளியே எடுத்து, அந்த ஸ்கீயின் பின்முனையை வெளிப்பக்கம் சாய்த்துத் தேய்த்துப் பிடிக்க வேண்டும். நான் முதல்முறை விழுந்தது இரண்டு ஆள் உயரம்கூட இல்லாத மேட்டில்தான். அது நீல வழி. நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்; இந்த வாரம் உங்களுக்கு நீலம் மட்டும். பயமாக இருந்தால் ஸ்கீயைக் கழற்றி ஓரமாக நடந்து இறங்குங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

உடை விஷயத்தில் நம் ஆட்கள் செய்யும் தவறு, மலைக்குப் போகிறோமென்று தடித்த ஜாக்கெட்டுக்குள் புகுந்துகொள்வது. பத்தாவது நிமிடத்தில் வியர்வை ஊறும், நின்றதும் அது குளிர்ந்து நடுக்கும். உள்ளே பருத்தி வேண்டாம். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே காற்றுத் தடுக்கும் ஒரு மெல்லிய சட்டை, மெல்லிய கையுறை. கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். ஊர் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பனி வெயிலைத் திருப்பி அடிக்கும்.

கார் வேண்டாம். கார்மிஷ், மிட்டன்வால்ட் வழியாக ரயில் போகிறது. ஸேஃபெல்ட் நிலையம் ஊர் நடுவிலேயே. வட்டாரத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் தடங்கள் உண்டு. ஊரின் தெற்கே, வெட்டவெளியில் தனியாக நிற்கும் ஸேகிர்ஷல் என்ற குட்டி வட்டத் தேவாலயத்தின் பக்கம் அறை கிடைத்தால் விடாதீர்கள், அதை ஒட்டியே தடம் ஓடுகிறது. தடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் மலைச்சரிவு ஸ்கீக்கான லிஃப்ட் சீட்டோடு ஒப்பிட்டால் சொற்பம். நான்காம் நாள் கால் பழகியதும் பேருந்தில் லாய்டாஷ் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அகலமானது, பெரும்பாலும் சமதளம், கூட்டம் கலைந்திருக்கும். மகளை முன்னே விட்டுவிட்டு நீங்கள் இருவரும் பின்னால் பேசிக்கொண்டே போகலாம். ஃபாஷிங் வாரத்தில் அறைக்குக் கடும் கிராக்கி, இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

தடத்தில் வலப்பக்கம் போவது, பள்ளத்தில் நின்று படம் எடுக்காமல் இருப்பது, இறங்கி வருபவருக்கு ஏறுபவர் வழிவிடுவது, விழுந்தால் உடனே ஒதுங்குவது. இவ்வளவுதான் மரியாதை.

முட்டை சேர்க்கும் சைவம் என்றால் மலைக் குடில்களில் கேஸ்ஷ்பேட்ஸ்லேயும் (பாலாடைக்கட்டி சேர்த்த மாவு உணவு) கைசர்ஷ்மாரனும் (பிய்த்துப் போட்ட இனிப்பு அடை) கிடைக்கும், பசிக்குத் தாங்கும். ஃப்ரிட்டாட்டன் சூப்பில் தோசையைச் சுருட்டி நறுக்கிப் போட்டதுபோல் மிதப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடியில் இருப்பது மாட்டெலும்புச் சாறு.